வயதானவரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வெனிஸை ஒரே நாளில் பார்க்க முடியுமா? ஒயினுக்கும் நேரம் இருக்குமா?

முடியும். ஆனால் உள்ளே போய்ப் பார்க்கும் இடம் ஒன்று போதும் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் பேச்சு அங்கே போய் நடந்தால் சண்டையாகிவிடும்.

நாங்கள் போனது ஓர் அக்டோபர் சனிக்கிழமை. நான், கணவர், 12 வயது மகன், 5 வயது மகள், கோவையிலிருந்து எங்களைப் பார்க்க ஜெர்மனிக்கு வந்திருந்த மாமியார். அத்தைக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சுத்த சைவம். நான் எப்போதாவது ஒயின் குடிப்பேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் எதிரில் ஒருநாளும் குடித்ததில்லை. ஆகவே கேள்வி கேட்டவரின் சங்கடம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் முழங்கால். வெனிஸில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள். காரும் பஸ்ஸும் நகரத்தின் வாசலோடு நின்றுவிடும். கைபேசி வரைபடம் பத்து நிமிட நடை என்று காட்டும். நடுவில் ஐந்து பாலம் ஏறி இறங்க வேண்டும் என்பதைச் சொல்லாது. அதனால் வபொரெட்டோ என்னும் பொதுப் படகுக்கு ஒருநாள் டிக்கெட் வாங்கிவிடுங்கள். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, ஒருநாள் டிக்கெட் 25 யூரோ. மூன்று முறை ஏறினாலே காசு மிச்சம். 6 வயதுக்குக் கீழே இலவசம்.

சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தின் படியில் இறங்கியதும் எதிரே பெரிய கால்வாய்தான். அங்கே 1-ஆம் எண் படகில் ஏறுங்கள். எந்தப் பக்கம் போகும் படகு என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு ஏறுங்கள். நாங்கள் கேட்கவில்லை. அடுத்த துறையே கடைசித் துறை என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். "திருப்பூர் பஸ் என்று நினைத்துப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிய கதைதான்" என்றார் அத்தை.

சரியான படகில் ஏறிவிட்டால் அதைவிட நல்ல சுற்றுலா அந்த ஊரில் கிடையாது. கால்வாய் 3.8 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிறது. ஊரின் முக்கியச் சதுக்கமான சான் மார்க்கோ போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். இரு பக்கமும் வணிகர்களின் மாளிகைகள். வாசற்படி நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. 1591-இல் கட்டி முடித்த ரியால்டோ பாலத்துக்கு அடியில் புகுந்து வரும்போது என் மகள் கையைத் தூக்கிப் பாலத்தைத் தொடப் பார்த்தாள்.

நாங்கள் காசு கொடுத்து உள்ளே போன ஒரே இடம் சான் மார்க்கோ சதுக்கத்து மணிக்கூண்டு. பக்கத்திலேயே இருக்கும் டோஜ் அரண்மனையை விட்டுவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தது லிஃப்ட் இருக்கிறது என்பதற்காகத்தான். பழைய கோபுரம் 1902 ஜூலையில் ஒருநாள் காலை அப்படியே சரிந்து விழுந்தது. மனிதர் யாரும் சாகவில்லை. அதே இடத்தில் அதே வடிவில் 1912-இல் எழுப்பியதுதான் இப்போது நிற்கிறது. மேலே போனதும் மகன், "கால்வாய் எங்கே?" என்றான். உண்மைதான். கடல் தெரிகிறது, தீவுகள் தெரிகின்றன, ஊர் முழுக்கச் சிவப்பு ஓட்டுக் கூரைகள் தெரிகின்றன. ஊருக்குள் ஓடும் சிறு கால்வாய்கள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வீடுகள் அவ்வளவு நெருக்கம்.

சதுக்கத்துக் காபிக் கடைகளில் நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். இசைக்குழு வாசித்தால் அதற்கும் சேர்த்துப் பில் வரும். கோண்டோலா அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. நாங்கள் ஏறவில்லை, வருத்தமும் இல்லை.

அத்தைக்கு மிகவும் பிடித்தது எந்த வழிகாட்டியும் பெரிதாகச் சொல்லாத ஒன்று. வீடுகளுக்கு நடுவே ஒரு சிறு முற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் இரும்பு மூடி போட்ட கல் கிணறு. "சுற்றிலும் உப்புத் தண்ணீர், இதில் எப்படி நல்ல தண்ணீர் ஊறும்?" என்றார். ஊறாது. அது மழைநீர்த் தொட்டி. முற்றத்தைத் தோண்டி, உப்பு நீர் கசியாமல் களிமண் பூசி, உள்ளே மணலை நிரப்பி, நடுவில் கிணற்றுக் குழாயை எழுப்பியிருக்கிறார்கள். தளத்தில் விழும் மழை ஓரத்துத் துளைகள் வழியாக இறங்கி, மணலில் வடிகட்டப்பட்டுக் கிணற்றுக்கு வந்து சேரும். 1884-இல் நிலப்பகுதியிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊரே இதைத்தான் நம்பியிருந்தது. அத்தை எழுந்துபோய் அந்தத் துளைகளைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வந்தார். நான்கு துளைகள். முழங்கால் வலி அப்போது நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

இனி ஒயின். வெனிஸ்காரர்கள் சிறு கோப்பை ஒயினை 'ஓம்ப்ரா' என்கிறார்கள். நிழல் என்று பொருள். மணிக்கூண்டின் நிழல் நகர நகர, ஒயின் விற்பவர்களும் தள்ளுவண்டியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டே போவார்களாம். அதனால் வந்த பெயர் என்று ஒரு கதை. குடிக்கும் இடம் 'பாக்காரோ'. அதை மதுக்கடை என்று மொழிபெயர்த்தால் நம் மனதில் எழும் காட்சியே தவறாகிவிடும். ரொட்டித் துண்டின் மேல் மீனோ காய்கறியோ வைத்த 'சிக்கெத்தி' என்னும் சிறுதீனி கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும். விரலால் காட்டினால் எடுத்துக் கொடுப்பார்கள். வெள்ளை வேண்டுமென்றால் சொவாவே, சிவப்பு வேண்டுமென்றால் வால்பொலிசெல்லா என்று கேளுங்கள். இரண்டுமே அருகிலுள்ள வெரோனா பக்கத்து ஒயின்கள்.

நாங்கள் படகில் ஸாத்தெரே துறைக்குப் போய், அங்கிருந்து பாலம் ஏறாமல் சான் த்ரொவாசோ கால்வாய்க் கரைக்கு நடந்தோம். அங்கே கான்டினோனே என்ற பழைய ஒயின் கடை இருக்கிறது. எதிர்க்கரையில் கோண்டோலா பழுதுபார்க்கும் பட்டறை. மலைநாட்டு மரவீடு போல இருக்கும். கறுப்புப் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கோண்டோலாவின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட அகலமானது. ஒரே ஆள் வலப்பக்கம் மட்டும் துடுப்புப் போட்டும் படகு நேராகப் போவது அதனால்தான். மகன் கவிழ்ந்து கிடந்த படகைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "ஆமாம், கோணல்" என்றான்.

கணவர் இரண்டு கோப்பையோடு வெளியே வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் வாங்காமல் படகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது காய்கறி வாங்கிப்போட்ட சிறு கைவண்டியை இழுத்துக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். அத்தையைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். உள்ளே போய் ஒரு கோப்பை வாங்கி வந்து, நின்றபடியே நான்கு வாயில் முடித்து, கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வண்டியோடு போய்விட்டார்.

"நம் ஊரில் பால் வாங்கப் போகிறவர்கள் டீக்கடையில் நிற்பதுபோலத்தான் இருக்கிறது" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்க்காமலேயே, "வாங்கிக்கொள், அவன் கை வலிக்கப்போகிறது" என்றார்.

அவருக்குப் பூசணி விழுது தடவிய ரொட்டி வாங்கியிருந்தோம். என் மகளின் கையிலிருந்த சீஸ் ரொட்டியை ஒரு கடற்புறா பறித்துக்கொண்டு போனது, பெரிய அழுகை. சமாதானப்படுத்த இன்னொன்று வாங்கக் கணவர் உள்ளே திரும்பினார். "அந்தப் பூசணி ரொட்டியும் இரண்டு" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் அத்தை.