மாதிரி விமான எஞ்சினை பேட்டரி ட்ரில்லால் ஸ்டார்ட் செய்யலாமா?

செய்யலாம். ஸ்டார்ட்டர் என்பது எஞ்சின் தண்டைச் சில நொடி சுற்றிவிடும் மோட்டார், அவ்வளவே. மெத்தனாலில் ஓடும் குளோ எஞ்சின், பிஸ்டன் எரிபொருள்-காற்றுக் கலவையை உறிஞ்சி அழுத்தினால்தான் பற்றும். பழைய ஆட்டோவில் லீவரை இழுப்பதும் இதற்குத்தான்.

ட்ரில்லில் ஒரு போல்ட்டை மாட்டி, நுனியில் குழிந்த ரப்பரை நட்டு போட்டு இறுக்கி, ஸ்பின்னர் (விசிறியின் நடுவே உள்ள கூம்பு மூடி) மூக்கில் அழுத்துங்கள். பலர் கோட்டைவிடுவது திசையில்: எதிரே நின்று பார்த்தால் பெரும்பாலான எஞ்சின்கள் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே ட்ரில் ரிவர்ஸில் இருக்கட்டும். ரிவர்ஸில் நட்டு கழலும், இரண்டு நட்டு போடுங்கள். விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கலவையைப் பற்றவைக்கும் குளோ பிளக்குக்கு மின்சாரம் தருமுன் விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கல்லாக நின்றால் உள்ளே எரிபொருள் தேங்கியிருக்கிறது, வற்புறுத்தினால் பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஸ்டார்ட்டர்தான் தீ மூட்டுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு, மூட்டுவது 1.5 வோல்ட்டில் சிவக்கும் குளோ பிளக்.