ஏரியில் பிள்ளைகளுக்குத் தூண்டில் போட்டி: கேட்டவையும் சொன்னவையும்

காட்பாடிப் பக்கத்து ஏரி ஒன்றில் வரும் ஞாயிறு காலை 6.30 முதல் 9.30 வரை 8 வயது முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தூண்டில் போட்டி நடக்கிறது. அனுமதி இலவசம். பெரிய மீனுக்குப் பரிசு கிடையாது. யார் அதிக வகை மீனைப் பிடித்துப் பெயர் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் பரிசு. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளிலிருந்து தூண்டிலோடு திரிகிறவன் என்பதால், பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

குடியாத்தம்: ஐயா, கட்டணம் உண்டா? என் மகனிடம் ரீல் வைத்த தூண்டில் இல்லை.

கட்டணம் இல்லை. ரீலும் வேண்டாம். ஆறடி மூங்கில் கழி, ஏறத்தாழ அதே நீளத்துக்கு மெல்லிய தூண்டில் நரம்பு, சின்ன முள், மயிலிறகுக் காம்பில் ஒரு தக்கை. இவ்வளவு போதும். ஒன்று மட்டும் கண்டிப்பு: அறுந்த நரம்பைக் கரையில் போடக் கூடாது, சட்டைப் பையில் போட வேண்டும். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரத்தில் ஒரு நீர்க்காகம் காலில் நரம்பு சுற்றித் தலைகீழாகத் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஏறி அறுத்துவிட்டேன், ஆனால் அதன் கால் அதற்குள் கறுத்துப்போயிருந்தது.

ஆற்காடு: என்ன இரை நல்லது, அண்ணா?

மண்புழு. இல்லையென்றால் கோதுமை மாவை இறுகப் பிசைந்து, அதில் துளிப் பஞ்சைச் சேர்த்து உருட்டுங்கள். தண்ணீரில் சீக்கிரம் கரையாது. விராலுக்குத் தவளை கட்டும் வழக்கம் உண்டு என்பது எனக்கும் தெரியும். இந்தப் போட்டியில் தவளையோடு வருகிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

வேலூர்: கோட்டை அகழியில் இதுபோல எப்போது நடத்துவீர்கள்?

அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். நடத்த மாட்டோம்.

வாலாஜாபேட்டை: நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

குடியாத்தத்துக்குச் சொன்னதுதான்.

பள்ளிகொண்டா: ஏரியில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் எடுத்தவர் சும்மா இருப்பாரா? எங்கள் ஊரில் தூண்டிலைக் கண்டாலே விரட்டுகிறார்கள்.

இன்று வந்ததிலேயே இதுதான் நல்ல கேள்வி. விரட்டுகிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மீன்பாசிக் குத்தகை எடுப்பவர் பணம் கட்டுகிறார், குஞ்சு வாங்கி விடுகிறார், கோடையில் தண்ணீர் வற்றுவதற்குள் போட்டதை எடுக்க வேண்டும். மழை பொய்த்தால் அவர் முதலும் போச்சு. ஆகவே நாங்கள் முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான். அவர் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று: கட்லா, ரோகு, மிருகால் எது மாட்டினாலும் நீளம் பார்த்துவிட்டு உடனே தண்ணீரில் விட வேண்டும். ஜிலேபி மீனை எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆம்பூர்: வாயில் முள்ளைக் குத்தி, இழுத்து, அளந்து, திரும்ப விடுவது என்ன நியாயம்? தின்னப் பிடித்தால் பிடியுங்கள். விளையாட்டுக்காக ஓர் உயிரை வதைப்பதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

பாதி உடன்படுகிறேன். வலிக்காது என்று சொல்லிச் சமாளிக்க மாட்டேன். அதனால்தான் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் சிறு கூர்முனையைக் குறடால் அமுக்கிவிடச் சொல்கிறோம். முள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கையும் துண்டும் அதன் மேலிருக்கும் வழவழப்பை வழித்துவிடும். பிறகு அது தப்பினாலும் புண் வரும். உங்கள் மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியுமோ அவ்வளவு நேரம்தான் மீன் வெளியே இருக்கலாம். மறு பாதியில் உடன்பாடில்லை. ஏரியின் பக்கமே போகாத பிள்ளைக்கு அதில் குப்பை கொட்டுகிறவன் மேல் கோபம் எங்கிருந்து வரும்?

அணைக்கட்டு: ஜிலேபியை மட்டும் கொன்றால் பரவாயில்லையா? எங்கள் வீட்டில் அதுதான் குழம்பு மீன். மலிவு என்பதால் ஏளனமா?

ஏளனம் இல்லை, நானும் வாரம் ஒரு முறை தின்கிறேன். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952இல் இந்தியாவுக்கு வந்தது. தாய் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும். தூண்டிலில் இழுக்கும்போது சில நேரம் குஞ்சுகளைத் துப்பும். விரலளவு வளர்ந்ததுமே பெருகத் தொடங்கும். ஏரி நிறைய மீன் இருக்கும், எதுவும் உள்ளங்கையைத் தாண்டாது. நம் ஊர்ச் சின்னக் கெண்டைகளுக்கு இடமில்லாமல் போகிறது.

ஆம்பூர் (மீண்டும்): அப்படியானால் கட்லாவும் ரோகுவும் பாலாற்றில் பிறந்தவையா?

சரியாகப் பிடித்தீர்கள். அவையும் கங்கைப் பக்கத்து மீன்கள்தான். ஆனால் ஏரியின் தேங்கிய நீரில் அவை இனம் பெருக்குவதில்லை. முட்டையிட ஓடும் வெள்ளம் வேண்டும். ஒடிசாவில் 1957இல் மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சௌதுரி ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் குஞ்சுகள் பண்ணைகளில் தாராளமாகக் கிடைத்தன. ஆண்டுதோறும் விட்டால் உண்டு, விடாவிட்டால் இல்லை. விருந்தாளிக்கும் வீட்டையே எழுதி வாங்கிக்கொள்கிறவனுக்கும் வித்தியாசம் இல்லையா? ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். அதை வளர்க்க 2000இலேயே தடை வந்துவிட்டது. மாட்டினால் தண்ணீரில் விடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். இதற்கு மேல் வாதாட வேண்டுமானால் ஞாயிறு கரைக்கு வாருங்கள், தேநீர் என் செலவு.

சோளிங்கர்: ரீல் கட்டாயமா? கட்டணம் ஆன்லைனில் கட்டலாமா?

ரீல் வேண்டாம். கட்டணம் இல்லை. இல்லாத கட்டணத்தை எந்த வழியிலும் கட்ட முடியாது.

ராணிப்பேட்டை: பாலாற்றுக் குட்டைகளில் பிடித்ததைச் சாப்பிடலாமா?

தோல் தொழிற்சாலைகள் பாலாற்றில் விட்ட கழிவு குறித்த வேலூர் குடிமக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்னது. அந்த மண்ணில் கலந்ததெல்லாம் தீர்ப்போடு போய்விடவில்லை. தொழிற்சாலைக்குக் கீழே தேங்கிய தண்ணீர் மீனை நான் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன்.

ஒடுகத்தூர்: மகனுக்கு நீச்சல் தெரியாது. பரவாயில்லையா?

கூட ஒரு பெரியவர் கட்டாயம். முழங்கால் ஆழம் என்று நம்பி எந்த ஏரியிலும் இறங்க விடாதீர்கள். மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் இருக்கின்றன, அடுத்த அடியில் ஆள் மூழ்கும். கயிறு கட்டிய எல்லைக்குள் கரையில் நின்றே போடலாம். கார்பன் கழி வைத்திருப்பவர்கள் மின்கம்பிக்குக் கீழே போகாதீர்கள், அதில் மின்சாரம் பாயும். நரம்பு சட்டைப் பையில்.

காட்பாடி, ஏழாம் வகுப்பு மாணவி: தாத்தா, எங்கள் ஏரியில் செம்மஞ்சளாகக் குட்டி மீன்கள் கூட்டமாக மேலே வந்து வந்து போகின்றன. அதைப் பிடித்தால் ஒரு வகையாகக் கணக்கு வருமா?

அவை விரால் குஞ்சுகள், அம்மா. அவற்றுக்குக் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். விராலால் காற்றையும் சுவாசிக்க முடியும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் கூட்டத்துக்கு அருகில் பெரிய தலை ஒன்று மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்குவது தெரியும். அந்த நேரத்தில் முன்னால் எதைப் போட்டாலும் அது கடிக்கும், பசியால் அல்ல, கோபத்தால். அதனால் பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் காலி செய்துவிடும். அந்த இடத்தில் தூண்டில் போடாதே. எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று நோட்டில் எழுதி எடுத்து வா. விரால் என்று உன் கணக்கில் ஒரு வகை சேர்த்துக்கொள்கிறேன். மற்ற நடுவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.