காலிக் கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள்

வணக்கம் சார்,

எனக்கு 46 வயது. ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. "சர்க்கரை வாசல்வரை வந்துவிட்டது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்றார் டாக்டர். அன்றைக்கே எக்செல்லில் ஒரு ஷீட் போட்டேன். தூக்கம், தண்ணீர், நடை, எடை, இனிப்பு, மனநிலை என்று 22 தலைப்புகள். செய்தால் பச்சை, செய்யாவிட்டால் சிவப்பு. ஐந்து வாரம் ஒழுங்காகப் போனது. அப்புறம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. எட்டு நாள் ஷீட்டைத் திறக்கவில்லை. வீடு திரும்பியதும் எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டேன். திரை முழுக்கச் சிவப்பு. அதோடு மூடிவைத்துவிட்டேன். டெஸ்டுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எனக்கு ஒழுக்கம் போதவில்லையா? நல்ல ஆப் ஏதாவது சொல்ல முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

அம்மா தேறிவருகிறார் என்று நம்புகிறேன்.

அந்த எட்டு நாளும் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு வார்டுக்கும் மருந்துக்கடைக்கும் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பீர்கள்! அந்த நடைக்கு உங்கள் ஷீட்டில் பூஜ்யம். முதலில் அதை அழித்துவிடுங்கள்.

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எக்செல்லின் கணக்கே அப்படித்தான். சராசரி எடுக்கும் ஃபார்முலா காலிக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். பூஜ்யத்தை மட்டும் ஒரு நாளாக எண்ணிக்கொள்ளும். ஐந்து நாள் தலா 30 நிமிடம் நடந்து, இரண்டு நாள் எழுத மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். காலியாக விட்டால் சராசரி 30. பூஜ்யம் போட்டால் 21. நிஜமாகவே நடக்காத நாளுக்குப் பூஜ்யம் போடலாம், அது உண்மை. எழுதாத நாள் காலியாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. எச்பிஏ1சி என்பதே ஒரு சராசரிதான். ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அளக்கிறார்கள். அதனால் கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படிப் போனது என்று மொத்தமாகத் தெரிகிறது. அதிலும் கடைசி ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய பாதிப் பங்கு. உங்களுக்கோ ஆறு வாரம் கையில் இருக்கிறது! போன எட்டு நாளை நினைத்து இந்த ஆறு வாரத்தையும் விட்டுவிடாதீர்கள் என்றுதான் இவ்வளவு அவசரமாகப் பதில் எழுதுகிறேன்.

நடையைக்கூட உலக சுகாதார நிறுவனம் வாரக் கணக்கில்தான் சொல்கிறது, பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்று. ஆகவே பச்சை சிவப்பை எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரிசையில் அந்த வாரத்து நடையின் கூட்டுத்தொகை வருகிற மாதிரி வையுங்கள். செவ்வாய்க்கிழமை விட்டதைச் சனிக்கிழமை ஈடுகட்டலாம்.

22 தலைப்புகள் எதற்கு? இத்தாலியில் சாந்தோரியோ என்றொரு மருத்துவர் இருந்தார். தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தன் எடை, சாப்பிட்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் சுமார் 30 ஆண்டு குறித்துவந்தார். 1614-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அவரிடம் இருந்தது ஒரே கேள்வி: உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் எடை ஏன் ஒத்துப்போவதில்லை? உங்களுக்கும் இப்போதைக்குக் கேள்வி ஒன்றுதான், சர்க்கரை. நடந்த நிமிடம், ராத்திரி சாப்பிட்ட நேரம், வாரத்தில் ஒருநாள் காலை வெறும் வயிற்றில் எடை. இவை போதும் என்பது என் எண்ணம். எடையைத் தினமும் பார்க்க வேண்டாம். உப்பும் தண்ணீரும் ஒரு கிலோவை ஏற்றி இறக்கிக் காட்டும், வீணாக மனசு கெடும்.

ஆப் வேண்டாம். விடாமல் எத்தனை நாள் செய்தீர்கள் என்று எண்ணிக்கொண்டே வந்து, ஒருநாள் தவறினால் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிற ஆப்தான் அதிகம். உங்களுக்கு நடந்ததே மறுபடி நடக்கும்.

கடைசியாக, 'குறிப்பு' என்று அகலமாக ஒரு தலைப்பு வையுங்கள். என் அப்பா பிபி எழுதிவந்த டைரி இன்னும் என் மேசையில் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சும்மா கொடுத்தது. தேதி, மேல் அளவு, கீழ் அளவு, பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி. '158/94. கல்யாண வீடு, வடுமாங்காய்.' '152/90. மாத்திரை தீர்ந்து 2 நாள்.' ஒரு வாரம் முழுக்க எண்ணே கிடையாது: 'தங்கச்சி வீட்டுக் காரியம். மெஷின் எடுத்துப் போகவில்லை.' டாக்டர் எண்களின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் பென்சில் வரியில் நிறுத்தினார். "ரெண்டு நாள் மாத்திரை இல்லாமயா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அதிலிருந்து 45 நாளைக்குச் சேர்த்து எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார்.

உங்கள் எட்டு நாளுக்கு எதிரே 'அம்மா ஆஸ்பத்திரியில்' என்று எழுதிவிட்டு, இன்றைய தேதியிலிருந்து தொடருங்கள். டெஸ்டுக்குப் போகும்போது ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.