கதை கேட்க எங்கே போவது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காகக் கோவை வந்து சரவணம்பட்டியில் தங்கியிருக்கிறேன். சென்ற மாதம் பெங்களூர் போனபோது தோழி ஒருத்தி என்னை ஒரு கதை சொல்லும் இரவுக்கு அழைத்துப் போனாள். காபிக் கடை மாடியில் சின்னக் கூட்டம், டிக்கெட் நானூறு ரூபாய். ஆளுக்குப் பத்து நிமிடம் தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னார்கள். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திரும்பி வந்து கோவையில் அப்படி ஏதாவது உண்டா என்று தேடினேன். இன்ஸ்டாகிராமில் வருவதெல்லாம் ஸ்டாண்ட்-அப் காமெடி, மாலில் டி.ஜே., உணவுத் திருவிழா. நீங்கள் உடுக்கைப் பாட்டு, கும்மி என்றெல்லாம் எழுதுகிறீர்கள். அவை எங்கே, எப்போது நடக்கின்றன என்று எங்கும் போடுவதில்லை. நடந்து முடிந்தபின் யாரோ எடுத்த வீடியோதான் கிடைக்கிறது. இன்னும் உண்மையாகவே நடக்கின்றனவா, இல்லை அழிந்துவரும் கலைகளா? வெளியூர்க்காரி, அதிலும் பெண், தனியாகப் போய் உட்கார்ந்து கேட்க முடியுமா? அலுவலகத்தில் கேட்டால் ஊட்டிக்கு வழி சொல்கிறார்கள்.

ஆர்., சரவணம்பட்டி

*

அன்புள்ள ஆர்.,

நடக்கின்றன. நீங்கள் தினமும் பார்க்கும் சத்தி ரோட்டுப் பஸ்ஸில் ஏறி அன்னூர் தாண்டி இறங்கினால் கேட்கலாம் என்கிற தூரத்தில்தான் நடக்கின்றன. யாரும் ஒளித்துவைக்கவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பெங்களூர் மாடியில் கூடியவர்கள் ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராதவர்கள். அவர்களைத் திரட்ட விளம்பரம் வேண்டும், டிக்கெட் வேண்டும். அதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் தன் கதையைச் சொல்லி முடித்து இறங்குவது லேசான காரியமில்லை. ஆனால் இங்கே ஒரு மாரியம்மன் கோயிலில் உடுக்கைப் பாட்டு வைக்கிறார்கள் என்றால், அதற்கான பணம், வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரியிலிருந்து வருகிறது. வரி கொடுத்த வீடுகளுக்கு நோட்டீஸ் போய்விடும். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் போனில் சொல்லிவிடுவார்கள். பாட்டு அம்மனுக்கு. கேட்பவர்கள் அவளுடைய ஊர்க்காரர்கள். இதில் இன்ஸ்டாகிராமுக்கு என்ன வேலை?

அதனால் முதலில் மாதத்தைப் பிடியுங்கள். மஞ்சள் வெட்டி முடிந்து கையில் கொஞ்சம் காசு புரளும் மாசியில் ஆரம்பித்து வைகாசி வரைக்கும், கொங்கில் ஏதாவது ஓர் ஊரில் நோம்பி இருந்துகொண்டே இருக்கும். திருவிழாவை இங்கே அப்படித்தான் சொல்வோம். அம்மன் நோம்பிக்கு முதல் படி பூச்சாட்டு, அம்மனுக்குப் பூப்போட்டு நோம்பியை ஊருக்கு அறிவிப்பது. அதையொட்டிக் கோயில் வாசலில் கம்பம் நடுவார்கள். மூன்று கிளையாகப் பிரிந்த மரம், அதை அம்மனின் கணவனாகக் கொள்வது வழக்கம். பெண்கள் குடம் குடமாக மஞ்சள் நீர் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். இருட்டியதும் மேளம் கட்டி இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். கம்பத்தைப் பிடுங்கித் தண்ணீரில் விடும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு, அந்த ஊர் சீக்கிரம் தூங்காது. ஈரோட்டில் பெரிய மாரியம்மனுக்கு இது பங்குனியில் நடக்கும். கரூரில் வைகாசி. கம்பத்தை அமராவதிக்கு அனுப்பும் நாளில் கரூர்க்காரர்களை வீட்டில் பார்க்க முடியாது. இவை பெரிய நோம்பிகள், செய்தித்தாளிலேயே வந்துவிடும். உங்களுக்கு வேண்டியது செய்தித்தாளில் வராத சின்ன ஊர்கள். எங்காவது பூச்சாட்டு என்று காதில் விழுந்தால், அடுத்த பதினைந்து நாளைக்கு அந்த ஊர்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

அதைச் சொல்லப்போகிற ஆள் ரேடியோ செட்டுக்காரர். மைக், டியூப்லைட், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவர். எந்த ஊரில் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு என்ன என்பது அவர் டைரியில் இருக்கும். பாட்டுக்காரரே மறந்தாலும் அவர் மறக்கமாட்டார், அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாரே. கோவில்பாளையத்திலோ அன்னூரிலோ அப்படி ஒரு கடை வாசலில் நின்று, "ஏனுங்கண்ணா, இந்தப் பக்கம் எந்த ஊர்லீங்க நோம்பி சாட்டியிருக்குது? உடுக்கைப் பாட்டு எங்காச்சும் வெச்சிருக்காங்களா?" என்று கேளுங்கள். 'பாரம்பரியக் கலை நிகழ்ச்சி' என்று கேட்டால் சுற்றுலா அலுவலகத்துக்கு வழி காட்டிவிடுவார். டீக்கடைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ்களையும் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். முக்கால் பக்கம் உபயதாரர்கள் பெயர் ஓடும். அதற்கும் கீழே, இன்னிசைக் கச்சேரிக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவில், பொடி எழுத்தில் நீங்கள் தேடுவது கிடக்கும். இன்னிசைக் கச்சேரியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அது இல்லாத ஊரில் நோம்பி சிறக்கவில்லை என்பார்கள். என் காது அதற்குப் பழகவில்லை.

கொங்கில் உடுக்கைப் பாட்டு என்றால் பெரும்பாலும் அண்ணன்மார் கதை. பொன்னர் சங்கர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். குன்னுடையாக் கவுண்டர், தாமரை நாச்சி, அவளுடைய தவத்தில் பிறந்த பெரியண்ணன் பொன்னர், சின்னண்ணன் சங்கர், தங்கை அருக்காணித் தங்காள், வளநாட்டை நடுங்கவைக்கும் கொம்பன் என்கிற பன்றி, அதற்கு எதிராக இறங்கும் பொன்னாச்சி என்கிற சின்ன நாய். உடுக்கையை அடித்துக்கொண்டு ஒருவர் பாட்டும் வசனமுமாகக் கொண்டுபோவார், பின்பாட்டுக்கு ஓர் ஆள் இருப்பார். ஒரே இரவில் தீராது, பல இரவு போகும். பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, இந்தக் கதையை இரவு இரவாக ஒலிநாடாவில் பதிவுசெய்தார். அதே பாடகரைப் பிறகு தனியாக உட்காரவைத்து, கதையைச் சொல்லச் சொல்லி எழுதவும் வைத்தார். இரண்டும் ஒன்றாக இல்லை. சொன்னவர் ஒருவர், கதை ஒன்று, எதிரில் கூட்டம் இருந்ததும் இல்லாததும்தான் வேறு. வீடியோவில் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று தோன்றியிருந்தால், கோயில் வாசலில் ஒருதரம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு இரவு மட்டும் போனால் ஒரு துண்டுதான் கிடைக்கும். பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆத்தாவிடம் "இது எந்த இடமுங்க?" என்று கேட்டால் முன்கதை முழுக்க வந்துவிடும். பாடுகிறவரைவிட நன்றாகச் சொல்லும் ஆத்தாக்கள் உண்டு. முடிவில் வருவது படுகளம். அண்ணன்மார் மடியும் இடத்தில், அருள் வந்து ஆட்கள் செத்தவர்போல விழுவார்கள். பெரியகாண்டியம்மன் அருளால் தங்காள் அண்ணன்மாரை எழுப்பும்போது தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார்கள். அங்கே போனை நீட்ட வேண்டாம். விழுந்து கிடப்பவரின் அம்மாவும் பெண்டாட்டியும் பக்கத்திலேயே நிற்பார்கள். கதைக்குரிய இடமாகக் கொள்ளப்படும் வீரப்பூர், மணப்பாறைப் பக்கம் இருக்கிறது. மாசியில் அங்கே பெரிய திருவிழா, குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் புறப்படும் வேடபரி பார்க்க ஜனம் கொட்டும். முதல்முறையே அங்கே போகாதீர்கள். அந்த நெரிசலில் பாட்டு காதில் ஏறாது.

இந்தக் கதையைக் கேட்கும்போது, யார் கோயிலில் யார் பாடுகிறார்கள் என்றும் பாருங்கள். கதையின் பகை வேளாளருக்கும் வேட்டுவருக்கும் இடையில். இரண்டு சமூகமும் இன்றைக்கும் இதே மண்ணில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கின்றன, இரண்டும் இதை ஒரே மாதிரி சொல்வதில்லை. அண்ணன்மாருக்குக் கடைசிவரை துணைநிற்கும் சாம்புவன் பறையடிக்கிறவன். பன்றி வேட்டையில் அவனுக்குப் பெரிய பங்கு. அவன் வரும் இடத்தை விரித்துப் பாடுகிறார்களா, இரண்டு வரியில் தாண்டுகிறார்களா என்று கவனித்தால் அந்த ஊரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

அழிந்துவருகிறதா என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அழுவதில் எனக்கு உடன்பாடில்லை. உடுக்கைப் பாட்டு குறைந்துவருவது உண்மை. பல இரவு தொடர்ந்து வந்து உட்கார, கதை தெரிந்த கூட்டம் வேண்டும். நூல் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் ஷிப்ட் பார்க்கிறவர்களிடம் அத்தனை இரவு மிச்சமில்லை. வள்ளி கும்மியின் நிலைமையோ நேர்மாறு. முருகன் வள்ளியைக் கைப்பிடித்த கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடுவது. ஊர் ஊராக ஆசிரியர் வந்து பயிற்சி கொடுத்து, ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம் நடக்கிறது. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டாம், ஆடலாம் என்பதுதான் அதன் பலம் என்று நினைக்கிறேன். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த கும்மிக் கலைஞர் பத்ரப்பன் 2024இல் பத்மஸ்ரீ பெற்றபோது அவருக்கு வயது 87. ஆண்கள் ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்று பல அரங்கேற்றங்களில் பெண்கள்தான் அதிகம். சில மேடைகளில் கும்மியோடு சாதிப் பெருமையும் சேர்ந்து ஒலிக்கிறது. எனக்கு அது பிடிக்காது. அப்படிப்பட்ட இடத்தில் நான் எழுந்து வந்துவிடுவேன். உங்களுக்கும் அது காதில் விழும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

கூத்து வேண்டுமென்றால் பவானி தாண்டி மேட்டூர், மேச்சேரி, எடப்பாடிப் பக்கம் போக வேண்டும். மேட்டூர் வட்டத்து ஏர்வாடியில் 'மணல்வீடு' இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் கூத்துக் கலைஞர்களோடு தொடர்ந்து வேலை செய்துவருபவர். அந்த இதழைப் பிடித்தால் கூத்து நடக்கும் இடங்களும் தெரியவரும்.

இவ்வளவு தூரம் போகாமல் டவுன் பஸ்ஸிலேயே போய்ப் பார்க்கக்கூடிய ஒன்று பேரூரில் இருக்கிறது. ஆனியில் பட்டீசுவரர் கோயிலில் நாற்று நடவுத் திருவிழா. சுந்தரர் பாட வருகிறார், கொடுக்கச் சிவனிடம் பொருளில்லை. சிவனும் பார்வதியும் உழவனும் உழத்தியுமாக வயலில் நாற்று நட்டுக்கொண்டு மறைந்திருக்கிறார்கள். சொல்லாதே என்றும் கேளாமல் நந்தி காட்டிக்கொடுத்துவிடுகிறது. கோபத்தில் சிவன் மண்வெட்டியால் நந்தியின் தாடையில் ஒரு போடு போடுகிறார். கடன்காரரைப் பார்த்துத் தோட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும் சம்சாரியைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சிவனை உடனே பிடித்துப்போகும். அந்த நடவை வருடாவருடம் நடித்துக்காட்டுகிறார்கள். தேவேந்திரகுல வேளாளருக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. கோவையில் பிறந்து வளர்ந்தவர்களில்கூட இதைப் பார்த்தவர்கள் குறைவு.

மண்டபத்துக்குள் நடப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவை தேடினால் கிடைக்கும். டிசம்பரில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் விருது விழா, 2010 முதல் நடக்கிறது. அமர்வுகளைவிட, அமர்வு முடிந்து வாசலில் நின்று பேசும் பேச்சுக்காகவே போகலாம். புத்தாண்டையொட்டிக் கிக்கானி பள்ளி அரங்கில் 'எப்போ வருவாரோ' சொற்பொழிவுகள். அடியார்களின் கதைகளை அனுபவித்துச் சொல்கிறவர்கள் வருவார்கள். படம் பார்க்கிறவர் என்றால் கோணங்கள் திரைப்படக் கழகம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா, மக்கள் சிந்தனைப் பேரவை 2005இல் தொடங்கியது. அங்கே மாலைச் சொற்பொழிவுக்கு ஆயிரக்கணக்கில் குடும்பத்தோடு வந்து உட்காரும் கூட்டத்தைப் பார்த்தால் கோவை மால்கள் மறந்துபோகும்.

தனியாகப் போவது பற்றி. கோயில் வாசலில் கேட்கிறவர்களில் பாதிக்குமேல் பெண்கள், அவர்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கும், பாய் விரித்துக் குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டு கேட்பார்கள். அங்கே போய் உட்காருங்கள். "எந்த ஊரு கண்ணு? யாரு வூட்டுக்கு வந்திருக்கற?" என்ற கேள்வி கட்டாயம் வரும். சும்மா பாட்டுக் கேட்க வந்தேன் என்றால் முதலில் நம்பமாட்டார்கள், பிறகு விடமாட்டார்கள். ஆனால் முதல் தடவை மட்டும் யாராவது ஒருவரின் விருந்தாளியாகப் போவது நல்லது. உங்கள் அலுவலகத்தில் ஊட்டிக்கு வழி சொன்னவர்களில் இரண்டு பேருக்காவது புளியம்பட்டியிலோ கோபியிலோ அம்மிச்சி வீடு, அதாவது அம்மாவைப் பெற்றவள் வீடு, இருக்கும். நோம்பிக்கு ஊருக்குப் போகிறாயா, நானும் வரட்டுமா என்று கேளுங்கள். திரும்பிவர ராத்திரி பஸ்ஸை நம்பாதீர்கள். விடியும்வரை இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் வரலாம், அல்லது கூட்டிப்போனவர் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். தட்டு வந்தால் பாடுகிறவருக்கு ஏதாவது போடுங்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்த நானூறில் பாதி போட்டாலே மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கூட்டமாக நண்பர்களைத் திரட்டிக்கொண்டு முதல் தடவையே போகவேண்டாம், ஊர் உங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடும், பாட்டு நின்றுபோகும்.

சாம்புவன் பகுதியை விரித்துப் பாடுகிறவர் எங்காவது அகப்பட்டால், எந்த ஊர், எந்த ரேடியோ செட் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நானும் வருகிறேன்.

அன்புடன்.