வாசகர் கடிதம்: ராண்டால் துரோகியா?

சார் வணக்கம். போன வாரம் ஜான் ராண்டால் பத்தி நாலு வரி எழுதியிருந்தீங்க. அமெரிக்காவுல பிறந்த கருப்பினத்தவர், இங்கிலாந்துல திருட்டு கேஸ்ல மாட்டி ஆஸ்திரேலியாவுக்கு தீவாந்தரம் போய், அங்கயே வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேர்ந்தவர்னு. நான் ஸ்கூல்ல வரலாறு எடுக்கிறவ, கிளாஸ்ல இதைச் சொன்னேன். ஒரு பையன் எந்திரிச்சு "தனக்கு சங்கிலி போட்டவன் யூனிஃபார்மையே மாட்டிக்கிட்டாரா, அப்ப துரோகி தானே டீச்சர்"னு கேட்டுட்டான். எனக்கு பதில் வரல. நீங்க என்ன சொல்லுவீங்க?
— ஒரு டீச்சர், தென்காசி

டீச்சர், வணக்கம்.

உங்க பையன் கேட்டது ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே ஓடுது. நான் அந்த வார்த்தையை ராண்டால் மேல போட மாட்டேன்.

அவர் திருடுனது ஒரு வாட்ச் செயின். 1785, மான்செஸ்டர். அதுக்கு ஏழு வருஷம். 1787 மே மாசம் போர்ட்ஸ்மவுத்துல இருந்து கிளம்புன 11 கப்பல்ல அலெக்சாண்டர்ங்கிற கப்பல்ல ஏத்துனாங்க, எட்டு மாசத்துக்கு மேல கடல். 1788 ஜனவரி 26 சிட்னிக்கு வந்து சேர்றாங்க, அடுத்த மாசமே கூட வந்த எஸ்தர் ஹோவர்டுங்கிற கைதிப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிறார். அவங்க சீக்கிரமே இறந்துட்டாங்க, அப்புறம் மேரி பட்லரைக் கட்டிக்கிட்டார்.

அந்த ஊர் ஆரம்பத்துல கிடந்த பட்டினியை கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. சாமான் ஏத்திட்டு வந்த கார்டியன் கப்பல் 1789 டிசம்பர்ல பனிப்பாறையில மோதிருச்சு, இருந்த சிரியஸ் கப்பலும் 1790 மார்ச்ல நார்ஃபோக் தீவுல உடைஞ்சுபோச்சு, ரேஷனை வெட்டுறாங்க வெட்டுறாங்க வெட்டிக்கிட்டே இருக்காங்க. ராண்டால் நல்லா குறி பாத்து சுடுவார், அதனால அதிகாரிங்களுக்கு வேட்டையாடிக் குடுக்கிற ஆளா ஆனார். கைதி கையில துப்பாக்கி! பசி வந்தா பத்தும் பறக்கும்னு சொல்றோம்ல, அங்க கவர்மெண்டோட பயமும் பறந்துருச்சு.

பட்டாளத்துல சேந்தது 1800-ல. நியூ சவுத் வேல்ஸ் படைன்னு ஒண்ணு, அவ்வளவு தூரம் போக இங்கிலாந்துல ஆள் கிடைக்காம ராணுவ ஜெயில்ல இருந்தவங்களையும் தண்டனை முடிஞ்ச கைதிகளையும் சேர்த்து ஒப்பேத்துன படை. ராண்டால் அதோட பேண்ட்ல புல்லாங்குழலும் டாம்பரினும் வாசிச்சார். டாம்பரின்னா நம்ம கஞ்சிரா மாதிரி, சுத்தி ஜால்ரா தகடு நிறைய இருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் பட்டாளங்கள்ல கருப்பினத்தவங்களை பேண்டுக்கு முன்னாடி டாம்பரின், ஜால்ராவோட நடக்க விடுறது பெரிய ஃபேஷன், துருக்கி பட்டாளத்தைப் பாத்து வந்த பழக்கம். எந்தத் தோலுக்காக உலகம் பூரா கருப்பினத்தவங்களை கீழ வச்சாங்களோ அதே தோலுக்கு பேண்ட்ல கிராக்கி. பொண்டாட்டி புள்ளைங்களுக்கு ரேஷன் வருதுன்னா அவர் என்னத்துக்கு வேணாங்கணும்?

அதுக்காக அந்தப் படை செஞ்சதை மறைக்க முடியாது. 1804-ல காசில் ஹில்ல ஐரிஷ் கைதிங்க கிளர்ச்சி பண்ணாங்க, அதைச் சுட்டு அடக்குனது இதே படை. 1808-ல அந்தக் காலனியோட கவர்னர் பிளையை பிடிச்சு உள்ள வைக்க பேண்ட் முழங்க போனதும் இவங்கதான்.

ஆனா டீச்சர், எனக்கு உறுத்துறது யூனிஃபார்ம் இல்ல. அதுக்கு முன்னாடி, ஏழு வருஷம் முடிஞ்சப்ப குடுத்தாங்க பாருங்க நிலம், சிட்னிக்கு மேக்கால இருக்கிற பரமட்டாவுக்கு வடக்கால 60 ஏக்கர், அதுதான். தண்டனை முடிஞ்சவனுக்கு 30 ஏக்கர், பொண்டாட்டி இருந்தா 20, புள்ளைக்கு தலைக்கு 10, இது லண்டன்ல உக்காந்து போட்ட கணக்கு. அந்த மண்ணு அங்க இருந்த பூர்வகுடிகளான தருக் மக்களோடது, அவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. 1797 மார்ச்ல பெமுல்வுய்ங்கிற பூர்வகுடித் தலைவரோட ஆளுங்க அந்த வடக்குப் பண்ணைங்களைத் தாக்குறாங்க, பட்டாளம் போகுது, அவர் உடம்புல ஏழு குண்டு, காலில விலங்கோட ஆஸ்பத்திரியில போட்டிருந்தாங்க, அந்த விலங்கோடவே தப்பிச்சார். 1802-ல சுட்டுக் கொன்னு தலையை வெட்டி சாராயத்துல ஊறப்போட்டு இங்கிலாந்துக்கு அனுப்புனாங்க.

காலில விலங்கு மாட்டி வந்த ஒருத்தருக்கு பட்டா குடுக்கிறாங்க, அந்த மண்ணுக்கு சொந்தக்காரன் காலில விலங்கு. உங்க பையன்கிட்ட இதைச் சொல்லுங்க. ராண்டாலைத் திட்டி முடிச்சுட்டா அந்த 30, 20, 10 கணக்கு போட்டவங்க மேல அவனுக்கு கோவமே வராது, அதான் என் கவலை.

1810-ல பட்டாளத்துல இருந்து விடுவிச்சாங்க. 1812-ல அவர் மக மேரி, ஜான் மார்ட்டினைக் கல்யாணம் பண்ணிக்கிச்சு. அவரும் கருப்பினத்தவர்தான், அதே அலெக்சாண்டர் கப்பல்ல ராண்டாலோட வந்தவர், பரமட்டாவுக்கு வடக்கால பக்கத்துலயே விவசாயம் பண்ணவர். அந்த வழியில வந்தவங்க இன்னைக்கும் ஆஸ்திரேலியாவுல இருக்காங்க.