பிள்ளை சேரும் கல்லூரியின் பெயரில் பெற்றோருக்கு ஏன் இவ்வளவு பெருமை?

பிள்ளை வளர்ப்புக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. இத்தனை வருட உழைப்பு வீண்போகவில்லை என்று நாலு பேருக்குக் காட்ட, கல்லூரிப் பெயர் கையில் கிடைக்கிறது. சட்டென்று சொல்லிவிடலாம், கேட்பவருக்கும் உடனே புரியும்.

பிறர் வெற்றியில் நாமும் ஒட்டிக்கொள்வது மனித இயல்புதான். 1976இல் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் அமெரிக்க மாணவர்களிடம் இதைப் பார்த்தார்கள்: பல்கலைக்கழக அணி வென்றால் “நாம் ஜெயித்தோம்”, தோற்றால் “அவர்கள் தோற்றார்கள்”. பெற்றோரின் “எங்களுக்கு சீட் கிடைத்துவிட்டது” இதே ரகம்!

சரி, பெயருக்குப் பலன் உண்டா? பொருளியல் ஆய்வாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் 2002இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறிடம் போனவர்கள் பெரும்பாலும் அதே அளவு சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய கல்லூரி கூடுதலாகக் கைகொடுத்தது.