பக்கத்தின் தலையில் எந்த ரகசிய நிலை வர வேண்டும்?

கேள்வி: எங்கள் தொழில்நுட்பக் கையேடுகளை ஃபிரேம்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தயாரிக்கிறோம். மிக ரகசியம், ரகசியம், மந்தணம், பொது என்று நான்கு நிலைகள். ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் அதன் நிலை அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். ஒரு பக்கத்தில் இருப்பவற்றுள் எது உயர்ந்த நிலையோ, அது பக்கத்தின் மேலும் கீழும் வர வேண்டும். பக்கத்திலுள்ள உரையைப் பார்த்துத் தலையில் தானாகக் காட்டும் ரன்னிங் ஹெட்டர் வேரியபிள் போட்டுப் பார்த்தோம். நடுவில் ரகசியப் பத்தி இருக்கும் பக்கத்திலும் ‘பொது’ என்றே காட்டுகிறது. இதே கோப்பிலிருந்து வெளியாருக்கான பிரதியும் எடுக்க வேண்டியிருக்கிறது. எப்படிச் செய்வது?

பதில்: வேரியபிள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதற்குத் தெரிந்தது வரிசை மட்டும். நீங்கள் பெயர் கொடுத்த ஸ்டைல்களில் (பத்தி வடிவங்களில்) எது இந்தப் பக்கத்தில் முதலில் வருகிறது என்று பார்க்கும். கூட்டல் குறி சேர்த்தால் கடைசியில் வருவதை எடுக்கும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் முந்தைய பக்கங்களில் தேடும். மந்தணத்தைவிட ரகசியம் உயர்ந்தது என்பதைச் சொல்லிவைக்க அதில் இடமே இல்லை. வேர்டின் ஸ்டைல்ரெஃப் ஃபீல்டும் இன்டிசைனின் ரன்னிங் ஹெட்டரும் இதே போலத்தான் நடக்கும். ஆகவே மென்பொருளை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் அந்தச் செலவில் இறங்காதீர்கள். உயர்ந்த நிலை எது என்பதை யாராவது கணக்கிட்டாக வேண்டும்.

அதற்கு முன், பக்கவாரியாகக் குறிப்பது கட்டாயமா என்று உங்கள் விதிகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். அமெரிக்க அரசில் 2009-ஆம் ஆண்டின் 13526-ஆம் நிர்வாக ஆணையை ஒட்டி வந்த விதிகள் இரண்டையும் ஏற்கின்றன: உட்பக்கத்தில் அந்தப் பக்கத்தின் உயர்ந்த நிலையைப் போடலாம், அல்லது முழு ஆவணத்தின் நிலையையே எல்லாப் பக்கங்களிலும் போடலாம். உங்கள் விதியும் இடம் கொடுத்து, கையேடும் சிறியதாக இருந்தால் இரண்டாவது வழிக்கே போங்கள். மாஸ்டர் பேஜில் (மற்றப் பக்கங்களுக்கு வார்ப்பாக இருக்கும் பக்கத்தில்) நாமே வாசகம் கொடுக்கும் ஒரே ஒரு யூசர் வேரியபிள் போதும். ஆனால் பெரிய கையேட்டில் பத்துப் பக்கம் மட்டும் ரகசியம் என்றால் இந்த வழி நல்லதல்ல. பொதுவான பக்கங்களும் பூட்டிய அலமாரிக்குள் போய்விடும். எல்லாவற்றிலும் ‘ரகசியம்’ என்று பார்த்துப் பழகியவர்கள் உண்மையான ரகசியத்தையும் அசட்டையாகக் கையாளத் தொடங்குவார்கள்.

பத்திக் குறியில் ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள்: யாரும் அதைக் கையால் தட்டச்சு செய்யக் கூடாது. பத்தியின் முன் எண்ணையோ வாசகத்தையோ இடும் ஆட்டோநம்பர் அமைப்பில், ஸ்டைலிலேயே எழுதிவிட்டால் தானாகவே வரும், அழிக்கவும் முடியாது. ஆனால் பத்தி வகை 6, நிலை 4 என்றால் 24 ஸ்டைல்கள் ஆகிவிடும். ஸ்டைல் பெயரின் கடைசியில் நிலையைச் சேர்த்து எழுதுங்கள். பின்னால் பக்கத்தின் நிலையைக் கணக்கிடும் ஸ்கிரிப்ட்டுக்கு (சிறு நிரலுக்கு) அது உதவும். ஸ்ட்ரக்சர்ட் முறையில், அதாவது உரையை எலிமென்ட் என்ற கூறுகளாகப் பிரித்து, எழுதுபவர்களுக்கு இந்தப் பெருக்கம் இல்லை. எலிமென்டில் நிலைக்கென ஓர் ஆட்ரிபியூட் (பண்பு) வைத்து, அதன் மதிப்பைப் பார்த்து முன்னொட்டை இடும்படி விதி எழுதிவிடலாம். புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

பக்கக் கணக்குக்கு ஸ்கிரிப்ட்தான் வழி. ஃபிரேம்மேக்கரில் 10-ஆம் பதிப்பு முதல் எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி உண்டு. நான்கு நிலைகளுக்கும் நான்கு மாஸ்டர் பேஜ் தயார் செய்துகொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, அதிலுள்ள பத்திகளின் ஸ்டைல் பெயர்களைப் படித்து, உயர்ந்த நிலைக்குரிய மாஸ்டர் பேஜைப் பொருத்த வேண்டும்.

இதில் இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று, பக்கம் தாண்டும் பத்தி. 7-ஆம் பக்கத்தில் தொடங்கும் ரகசியப் பத்தியின் கடைசி இரண்டு வரிகள் 8-ஆம் பக்கத்தில் விழுந்தால் 8-ஆம் பக்கமும் ரகசியமே. பக்கத்தில் தொடங்கும் பத்திகளை மட்டும் எண்ணும் ஸ்கிரிப்ட் இதைத் தவறவிடும், அந்தப் பக்கம் ‘பொது’ என்று அச்சாகும். அட்டவணைக்குள்ளும் அடிக்குறிப்பிலும் இருக்கும் பத்திகளைத் தொடாத ஸ்கிரிப்ட்டிலும் இதே ஆபத்துதான். இரண்டு, மாஸ்டர் பேஜ்களின் அளவு. நான்கிலும் உரைச் சட்டம் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ‘மிக ரகசியம்’ பக்கத்தில் எச்சரிக்கை வாசகத்துக்காக ஒரு வரி அதிகம் விட்டால், உரை கீழே தள்ளப்படும். பத்திகள் அடுத்த பக்கத்துக்குப் போகும். அங்கே நிலை மாறும். மறுபடி ஸ்கிரிப்ட் ஓட்டினால் இன்னொரு விடை வரும். அந்த வரிக்கான இடத்தை எல்லாப் பக்கங்களிலும் காலியாகவாவது விட்டுவையுங்கள். திருத்தம் எல்லாம் முடிந்த பிறகு, பிடிஎஃப் எடுப்பதற்குச் சற்று முன் ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். அதற்குப் பின் ஒரு சொல் மாறினாலும் மீண்டும் ஓட்ட வேண்டும்.

லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர் பலரும் இதையே கேட்கிறார்கள். அங்கே ஸ்கிரிப்ட் இல்லாமலே ஒரு வழி உண்டு. 2022 ஜூன் வெளியீட்டில் வந்த புதிய மார்க் (அச்சில் தெரியாத குறி) வசதியில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மார்க் வகுப்பு வையுங்கள். பத்தியின் தொடக்கத்தில் ‘உண்டு’, முடிவில் ‘இல்லை’ என்று குறியிடுங்கள். பக்கத்தின் மேல் மார்க்கோ (முந்தைய பக்கத்திலிருந்து தொடர்வது) முதல் மார்க்கோ (இந்தப் பக்கத்தில் முதலில் வருவது) ‘உண்டு’ என்றிருந்தால் அந்த நிலை அந்தப் பக்கத்தில் இருக்கிறது. தாண்டி வரும் பத்தியும் இதில் அகப்பட்டுவிடும். எப்போதாவது ஒரு பக்கம் தேவைக்கு மேல் உயர்வாகக் குறிக்கப்படலாம். குறைவாகக் குறிப்பதோடு ஒப்பிட்டால் அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே.

தலைப்புகளிலும் கவனம் வேண்டும். தலைப்பின் முன்னால் இடும் குறி அந்தத் தலைப்பு வாசகத்தின் நிலையையே சொல்ல வேண்டும், கீழே வரும் பகுதியின் நிலையை அல்ல. தலைப்பு பொருளடக்கத்துக்கும் பிடிஎஃப் புக்மார்க்குக்கும் தனியாகப் போய்விடும். முடிந்தவரை தலைப்புகளைப் பொதுநிலையில் எழுதுங்கள். படத்துக்கும் அதன் விளக்க வரிக்கும் தனித்தனிக் குறி இடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கறுப்பு வெள்ளை நகலில் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும்.

வெளியாருக்கான பிரதிக்கு, உரையின் பகுதிகளுக்கு டேக் இட்டுக் காட்டவும் மறைக்கவும் உதவும் கண்டிஷனல் டெக்ஸ்ட் பொருத்தமானது. ஆனால் மறைப்பது வேறு, நீக்குவது வேறு. கண்டிஷனை மறைத்தால் பிடிஎஃபில் அந்த வரிகள் வராது, மூலக் கோப்பில் அப்படியே இருக்கும். மூலக் கோப்பையே அனுப்ப வேண்டியிருந்தால் நகல் எடுத்து, அதில் கண்டிஷன் டேக்கை அழியுங்கள். அப்போது ஃபிரேம்மேக்கர் உரையையும் நீக்கவா, அல்லது கண்டிஷனை மட்டும் எடுத்துவிட்டு உரையை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். அவசரத்தில் உரையை வைத்துக்கொள்ளும் தேர்வை அழுத்தினால் ரகசியம் முழுவதும் சாதாரண உரையாகிவிடும்.

கறுப்புப் பட்டை பூசி மறைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா கலிபாரி பாக்தாத்தில் சுட்டுக் கொல்லப்பட்டது பற்றி அமெரிக்க ராணுவம் 2005-இல் வெளியிட்ட பிடிஎஃப் அறிக்கையில் ரகசிய வரிகள் கறுப்பாக மறைக்கப்பட்டிருந்தன. அடியில் எழுத்து அப்படியே இருந்தது. அதை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டியவர்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டார்கள்.

எனவே பிரதியை அனுப்பும் முன், பிடிஎஃபின் முழு உரையையும் ஓர் எளிய எழுத்துக் கோப்பில் ஒட்டி, நிலைக் குறிகளையும் நீக்கப்பட்ட பகுதியின் முக்கியச் சொற்களையும் தேடிப் பாருங்கள். பிறகு புக்மார்க், சொல்லடைவு, படங்களின் மாற்று உரை, கோப்பின் பண்புகளில் உள்ள தலைப்பும் கீவேர்டுகளும் என ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இந்தச் சோதனையை, ஆவணத்தைத் தயாரித்தவர் அல்லாத இன்னொருவரிடம் கொடுங்கள்.